மெஷினை நிறுத்துங்க அண்ணி

— அந்த மெஷினை முதல்ல நிறுத்துங்க அண்ணி. நான் சொல்றது உங்க காதுல விழல.

— எல்லாம் விழுது. உங்க அண்ணன் அனுப்பினானா, நீயா வந்தியா... அதை மட்டும் சொல்லு.

— என்ன?

— உங்க அண்ணன் அனுப்பினானான்னு கேட்டேன்.

— பாத்தீங்களா, எனக்கே விழல. நிறுத்துங்க.

— முடியாது. உள்ள நாப்பது பெட்ஷீட் ஓடிட்டிருக்கு. நீ என்ன பெரிய மந்திரியா, நீ வந்ததும் மெஷின் எந்திரிச்சு நிக்கறதுக்கு?

— ஆறு நிமிஷம்னு காட்டுது. சரி, முடியட்டும். நான் இங்க உக்காந்துக்கறேன்.

— அங்க உக்காராதே. அது கெஸ்ட்டோட துணி.

— அப்ப இங்க?

— அங்கயும் வேண்டாம். அந்தத் துண்டு அடுக்குப் பக்கமே போகாதே, இப்பதான் மடிச்சு வச்சேன். நின்னுக்கிட்டே பேசு. உக்காந்து பேசறதுக்கு மேல வரவேற்பறை இருக்கு. இது ஓட்டலோட அழுக்குத் துணி வர்ற எடம்.

— நிக்கறேன்... என்ன அண்ணி, ஏப்ரன் பையைத் தச்சு மூடிட்டீங்க?

— என் ஏப்ரன், என் பை. தைப்பேன், கிழிப்பேன்.

— இல்ல... போனை எங்க வச்சுப்பீங்கன்னு கேட்டேன்.

— தலைல வச்சுப்பேன். நீ வந்த வேலையைப் பாரு.

— வாலு எப்படி இருக்கா?

— ஏன், ஞாயித்துக்கிழமை பாக்கலியா? நாலு மணி நேரம் உங்க வீட்டுலதானே இருந்தா. வாரத்துக்கு நாலு மணி நேரம் அப்பன் பாக்கட்டும்னு கோர்ட்டு சொல்லிச்சு, நான் கரெக்டா கொண்டு வந்து விட்டேன். ஒரு நிமிஷம் லேட் பண்ணல. அது ஒண்ணும் நாளைக்குக் கணக்குல வராது பாரு.

— பல்லு ஆடுதுன்னு காட்டினா.

— விழுந்திருச்சு. நேத்து.

— ஐயோ... எங்கிட்ட சொல்றேன்னாளே.

— ஆறு வயசுக் குழந்தைக்கு அத்தையைத் தேடி வந்து சொல்றதுதான் வேலையா? அத்தை ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல.

— ஆபீஸ்லேந்து வந்ததும் என் போனை அண்ணன் வாங்கிப் பாக்கறான். யார்கிட்டப் பேசினேன், என்ன பேசினேன், எல்லாம்.

— நீயும் குடுக்கறே.

— குடுக்கறேன்.

— ரொம்ப சந்தோஷம்... மாஸ்டர், அந்தச் சட்டையெல்லாம் அப்புறம் தேய்ச்சுக்கலாம், நீங்க டீக்குப் போயிட்டு வாங்க. எதுக்கு யோசிக்கறீங்க? அதான் பத்திரமா இருக்குன்னு சொன்னேன்ல. போங்க.

— யாரு அவரு?

— இஸ்திரி மாஸ்டர். ஏன், இவரோடவும் சேத்து வச்சுக் கதை கட்டச் சொன்னானா?

— அவருக்கு அறுபது வயசு இருக்கும் போல.

— உங்க அண்ணனுக்கு வயசெல்லாம் ஒரு தடையா? வாலுக்கு ஊசி போட்ட டாக்டர் கிழவரையே விடலையே அவன்.

— அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிரிப்புதான் வரும். அந்த டாக்டருக்குக் கண்ணே சரியாத் தெரியாது.

— சிரி. உனக்கு சிரிப்பா இருக்கு. நான் நின்ன எடத்துல நின்னு பாத்தாத் தெரியும்.

— மெஷின் நின்னிருச்சு.

— நின்னா என்ன? நான் பெட்ஷீட்டை எடுத்துக்கிட்டே கேக்கறேன், நீ சொல்லு.

— அந்த டிரையரையும் கொஞ்சம் நிறுத்திடுங்க.

— ஏண்டி, உனக்காக இந்த லாண்டரியையே இழுத்து மூடணுமா?

— ரெண்டு நிமிஷம் அண்ணி.

— ...இந்தா, நிறுத்திட்டேன். போதுமா? ஊசி விழுந்தாக் கேக்கும். சொல்லித் தொலை.

— இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. மதியம் ரெண்டே கால். நான் உங்க நாத்தனார். என் அண்ணன், அதாவது உங்க வீட்டுக்காரர், உங்ககிட்ட சில விஷயம் சொல்லச் சொல்லி என்னை அனுப்பியிருக்கான்.

— என்னடி இது?

— என்ன?

— நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? கிழமை தெரியாதா? பிரிட்ஜ் ஓடலைன்னு போன் பண்றவங்ககிட்டப் பேசற குரல்ல எங்கிட்டப் பேசாதே.

— நாலு வருஷமா புகார் பிரிவுல உக்காந்து அதுவே வாயில வந்துருச்சு. தொழில் பழக்கம்.

— ஆபீஸ்ல விட்டுட்டு வா பழக்கத்தை.

— சரி. அண்ணன் சொன்னது... நாளைக்கு கோர்ட்டுக்கு முன்னாடி ஒரு சமரசத்துக்கு வரலாம்னு.

— சமரசம். வாலு யார்கிட்ட இருக்கணும்னு ஜட்ஜு நாளைக்குக் காலைல கடைசியா விசாரிச்சுச் சொல்லப் போறாரு. இவனுக்கு இப்ப பயம் வந்திருச்சு, அதான் சமரசம். இத்தனை நாளா அவன் வாய் எங்க போச்சு? வாய்ஸ் மெசேஜ்ல என்னமா முழங்கினான். பத்து நாளா ஒண்ணையும் காணோமே?

— அவன் வக்கீல் சொல்லிட்டாராம். இனிமே உங்களுக்கு ஒரு மெசேஜ் கூட அனுப்பக் கூடாதுன்னு.

— அதான் உன் வாயை வாடகைக்கு எடுத்திருக்கானா?

— அப்படித்தான் வச்சுக்கோங்க.

— இப்படிச் சொல்ல வெக்கமா இல்ல உனக்கு?

— இருக்கு... எத்தனை மெசேஜ் இருக்கும் அண்ணி?

— நாப்பத்தி மூணு. ஒண்ணு விடாம எண்ணி வச்சிருக்கேன். வக்கீலம்மா நாளைக்கு ஒண்ணொண்ணா போட்டுக் காட்டப் போறாங்க. உங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு, காதைத் தொடைச்சுக்கிட்டு வரச் சொல்லு.

— முதல் மெசேஜ்ல என்ன சொன்னான்?

— பரீட்சை வைக்கறியா?

— ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்.

— ஞாபகமா? தூக்கத்துல எழுப்பிக் கேளு. "கேஸ் போட்டது நீ, முடிக்கப் போறது நான். முடியும்போது உன் கையில பொண்ணு இருக்காது." போன மாசம் மூணாம் தேதி, காலைல ஆறரை மணி. வாலுக்குத் தலை பின்னிட்டிருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் பாவி, குழந்தையும் கேட்டுச்சு.

— மூணாம் தேதி இல்ல, நாலாம் தேதி.

— உனக்கெப்படித் தெரியும்?

— நான் அங்கதான் இருந்தேன். எனக்கு அன்னைக்குக் காலை ஷிப்ட். பல் தேய்ச்சிட்டிருந்தேன். ஹால்ல நின்னு பேசி அனுப்பினான். நீங்க சொன்ன அதே வார்த்தைதான்.

— பக்கத்துல இருந்திருக்கே.

— ஆமா.

— பல் தேய்ச்சிட்டு.

— ஆமா.

— நல்லாத் தேய்ச்சியா?

— அண்ணி...

— இல்ல, கேக்கறேன். நுரை வந்துச்சா? வாய் கொப்பளிச்சியா? இங்க நான் பாதிப் பின்னலோட குழந்தை காதைப் பொத்திக்கிட்டு நின்னேன், அங்க உனக்குப் பல்லு வெள்ளையா வந்துச்சான்னு கேக்கறேன்.

— திட்டுங்க. ஆனா அடுத்ததைச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒண்ணு சொன்னானே.

— "நீ பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நான் நிப்பேன். எனக்கு ஒரே ஒரு நாள் போதும்." அன்னைலேந்து நான் அரை மணி முன்னாடி போய் நிக்கறேன். வெயில்ல நிக்கறேன், மழைல நிக்கறேன். வாட்ச்மேன் பாவப்பட்டு ஒரு ஸ்டூல் குடுத்தாரு. ஒரு மாசமா ஷிப்ட் முடியறதுக்கு முன்னாடி ஓடறேன், இங்க சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கறேன்.

— அது பதினொண்ணாம் தேதி. ராத்திரி சாப்பிடும்போது பேசினான். நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா சொன்னாங்க, இப்படிப் பேசாதேன்னு.

— உங்க அம்மாவா? சொன்னாங்களா?

— சொன்னாங்க. மெதுவா.

— மெதுவான்னா?

— அவன் காதுல விழாத அளவுக்கு.

— நல்ல குடும்பம். ஒருத்தன் கத்துவான், ஒருத்தர் முணுமுணுப்பாங்க, ஒருத்தி பல் தேய்ப்பா.

— இந்த வேலையைப் பத்தியும் மிரட்டினான்ல?

— மிரட்டினானாவா? நேர்லயே வந்து மேல வரவேற்பறையில கூச்சல் போட்டான். மேனேஜர் இனிமே உள்ள விடாதீங்கன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு சாயங்காலம் வந்த மெசேஜ், "கெஸ்ட் சட்டைப் பையிலேந்து நீ மோதிரம் எடுத்தேன்னு எழுதிக் குடுக்க எனக்கு ஆள் இருக்கு." எங்கிட்டயா இந்தக் கதை? ஒரு நாளைக்கு நானூறு பைக்குள்ள கையை விட்டுப் பாக்கறேன். பேனா, சாவி, மூக்குக் கண்ணாடி, ஒருத்தரோட பல் செட்டு கூட வந்திருக்கு. மூணு வருஷத்துல ஒரு பட்டன் காணாமப் போனதில்ல. என் கையைத் தாண்டி எதுவும் மெஷினுக்குள்ள போகாது.

— எதுவுமேவா?

— ...என்ன கேக்கறே?

— சும்மா கேட்டேன்.

— சும்மா கேக்காதே. ஒண்ணு பேசு, இல்ல கெளம்பு.

— அந்த ஜன்னல் வழியா ரோடு தெரியுமா?

— கீழ்த்தளம்ல, சக்கரமும் செருப்பும்தான் தெரியும். ஏன்?

— எதுத்தாப்ல ஒரு கார் சக்கரம் தெரியுதுல்ல. அண்ணன்தான். கால் மணி நேரத்துல கையெழுத்து வாங்கிட்டு வான்னு சொல்லியிருக்கான். லேட்டானா ஹாரன் அடிப்பானாம்.

— அடிக்கட்டும். என்ன கையெழுத்து?

— இந்தக் கவர்ல இருக்கு. வாலுவை அப்பாகிட்ட விட உங்களுக்கு முழு சம்மதம்னு. நீங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாத்துக்கலாமாம்.

— நான் போய்ப் பாக்கணும். பத்து மாசம் சுமந்தவ. அந்த வீட்டு வாசல்ல நின்னு மணியடிச்சு, என் பொண்ணைப் பாக்கலாமான்னு கேக்கணும்.

— கவரைப் பிரிச்சுப் பாருங்க அண்ணி.

— எனக்கு அவசியமில்ல.

— பாருங்களேன். பாத்துட்டு வேணா...

— இந்தா, உன் கவர் போற எடம் இதுதான்.

— அழுக்குக் கூடைல போடாதீங்க. அண்ணி, தயவு செஞ்சு... அது தெரியாம மெஷினுக்குள்ள போயிடும்.

— போகட்டும். நல்லா வெளுத்து வரும். உங்க அண்ணன் மனசு மாதிரி... என்ன அது சத்தம்?

— மணி அடிக்குது. டிரையர் முடிஞ்சிருச்சு போல.

— ஆமா. டிரையர். அதான்.

— போய்ப் பாருங்க வேணா.

— தானா நின்னிரும்.

— எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்...

— எதுக்குத் திரும்பணும்? அதான் நின்னிருச்சே. பேசு.

— அண்ணி, அந்தத் துண்டு அடுக்கு ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. ஒருதடவை எடுத்துச் சரியா வச்சிடுங்களேன்.

— துண்டைப் பத்தி உனக்கென்ன இவ்வளவு அக்கறை? சாஞ்சா சாயட்டும். தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்.

— தொடல. நீங்கதான் எடுத்து...

— எனக்குப் பாடம் எடுக்கறியா? நீ பத்தாவது படிக்கும்போது உனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவ நான். டைபாயிடுல மூணு வாரம் கெடந்தியே, கஞ்சி ஊட்டினது யாரு? உங்க அம்மாவா, உங்க அண்ணனா?

— நீங்கதான்.

— வாந்தியை அள்ளினது?

— நீங்கதான் அண்ணி.

— அதுக்கா இந்தக் கவரை எடுத்துட்டு வந்தே?

— இன்னும் ஒண்ணு சொல்லச் சொன்னான்.

— சொல்லு. எல்லாத்தையும் கொட்டு. இன்னைக்கோட உனக்கும் எனக்கும் முடிஞ்சுது.

— கையெழுத்துப் போடலைன்னா... நாளைக்கு ஜட்ஜு என்ன சொன்னாலும் அவனுக்குக் கவலை இல்லையாம். வர்ற ஞாயித்துக்கிழமை வாலு உங்ககிட்டத் திரும்பி வரமாட்டா.

— மறுபடி சொல்லு.

— ஞாயித்துக்கிழமை நீங்க கொண்டு வந்து விடுவீங்கல்ல. நாலு மணி நேரம் கழிச்சு வந்து நீங்க மணியடிக்கும்போது அவங்க ரெண்டு பேரும் பிளேன்ல இருப்பாங்களாம்.

— எங்க போற பிளேன்ல?

— அது எங்கிட்டச் சொல்லல. நாடு தாண்டிட்டா உங்க கோர்ட்டு வந்து எட்டிப் பாக்காதுன்னு சொன்னான்.

— சும்மா உருட்டறான். வாலுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது.

— வந்திருச்சு.

— என்ன வந்திருச்சு?

— பாஸ்போர்ட். போன திங்கக்கிழமை தபால்ல வந்துச்சு. வீட்டுல நான்தான் இருந்தேன். வாங்கிக்கிட்டேன்.

— அம்மா கையெழுத்து இல்லாம எவன் குடுப்பான்?

— உங்க கையெழுத்து இருக்கு.

— நான் எதுலயும் போடல.

— தெரியும்.

— தெரியுமா?

— சாப்பாட்டு மேஜைல உக்காந்து எழுதிப் பழகினான். உங்க பழைய பேங்க் பாரம் ஒண்ணைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. பதினோரு தடவை எழுதிப் பாத்தான். பன்னெண்டாவது தடவை பாரத்துல போட்டான்.

— பதினோரு தடவை.

— ஆமா.

— நீ உக்காந்து எண்ணினே.

— அப்ப எண்ணல. தாளைக் குப்பைல போட்டான். அப்புறம் எடுத்து... எண்ணினேன்.

— எனக்கு வாயில என்ன வருதுன்னு தெரியுமா உனக்கு? உன்னைப் புடிச்சு அந்த டிரம்முக்குள்ள போட்டு, சூட்டைத் தொண்ணூறுல வச்சுக் கதவைச் சாத்தணும் போல இருக்கு.

— சாத்துங்க.

— என் கையெழுத்தைப் பழகறான் ஒருத்தன், அவன் தங்கச்சி எதிர்ல உக்காந்து பாக்கறா. ஏண்டி, வாயே கெடையாதா உனக்கு? நாலு வருஷமா வாயாலதானே சம்பாதிக்கறே. ஊர்ல இருக்கற பிரிட்ஜுக்கெல்லாம் பேசத் தெரியுது, உன் அண்ணன் பொண்ணுக்குப் பேசத் தெரியாதா? ஒரு கிளாஸ் தண்ணியை அந்தத் தாள் மேல கொட்டியிருக்கலாம்ல. கை தவறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல.

— தோணல.

— தோணல?

— தோணுச்சு. பயமா இருந்துச்சு. போன வருஷம் நீங்க வீட்டை விட்டுக் கெளம்பின அன்னைக்கு ஒரு வார்த்தை உங்களுக்காகப் பேசினேன். என் பெட்டியைத் தூக்கி ரோட்டுல போட்டான். அம்மா அழுது கூப்பிட்டாங்கன்னு உள்ள விட்டான். அப்புறம் வேற வீடு தேடினேன். தனியா இருக்கற பொண்ணுக்குக் குடுக்க மாட்டேன்னு நாலு எடத்துல கதவைச் சாத்தினாங்க.

— எனக்கும் தான் சாத்தினாங்க. குழந்தையோட நின்னேன், அஞ்சாவது கதவு தெறந்துச்சு. நீ நாலோட நிறுத்திட்டே.

— ஆமா. நிறுத்திட்டேன்.

— அழாதே. இங்க நின்னு அழாதே. எனக்கு இன்னும் கோவம் வருது. அழறவங்களைப் பாத்தா பாவம் வரணும், உன்னைப் பாத்தா வரல.

— அழல. டிடர்ஜென்ட் நெடி.

— பொய் சொல்லவும் தெரியல உனக்கு. பாஸ்போர்ட் எங்க இருக்கு?

— அவன் அலமாரில, கோட்டுக்கு உள்பையில. சாவி அவன் கழுத்துல.

— வேற யாருக்குத் தெரியும்?

— எனக்கும் அம்மாவுக்கும்.

— நான் நாளைக்கு ஜட்ஜுகிட்ட இதைச் சொன்னா நம்புவாரா? என்கிட்ட என்ன இருக்கு? நாத்தனார் வந்து சொன்னான்னு சொல்லணும். உன்னைக் கூப்பிட்டா நீ என்ன சொல்லுவே? நான் பல் தேய்ச்சிட்டிருந்தேன், எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லுவே.

— ஹாரன் அடிக்கறான்.

— கேக்குது. கெளம்பு.

— அண்ணி, கவரைக் கூடைலேந்து எடுத்துக்கறேன்.

— எடுத்துட்டுப் போ. கையெழுத்துப் போடலைன்னு சொல்லு. கால்ல விழுந்தாலும் போடமாட்டா, கழுத்துல கத்தி வச்சாலும் போடமாட்டான்னு சொல்லு. பதினோரு தடவை பழகினவன்தானே, பதிமூணாவது தடவை அவனே போட்டுக்கச் சொல்லு.

— மறுபடியும் அடிக்கறான்.

— போயேன். யாரு புடிச்சு வச்சிருக்கா உன்னை?

— ஒரே ஒரு கேள்வி. என்னைப் பாத்தா உங்களுக்கு இன்னும் கொஞ்சமாவது நம்பிக்கை...

— கெடையாது. ஒரு சொட்டு கெடையாது. போய் அவன்கிட்டச் சொல்லு. அந்த நாப்பத்தி மூணு மெசேஜும் என் போன்ல பத்திரமா இருக்கு. நாளைக்குக் காலைல ஜட்ஜு காதுல விழும். அதுக்கப்புறம் பாக்கலாம், யாரு பிளேன் ஏறறாங்கன்னு... ஏன் கதவைச் சாத்தறே? வெளில போகச் சொன்னா உள்ள தாழ்ப்பாள் போடறே?

— நாப்பத்தி மூணும் போயிருச்சு அண்ணி. எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும். "அம்மா போன் ஏப்ரனோட மெஷின்ல குளிச்சுது அத்தை, அப்புறம் எந்திரிக்கவே இல்ல, அதுல இருந்த அப்பா குரலெல்லாம் போயிருச்சாம். அப்பாகிட்டச் சொல்லக் கூடாதாம், உங்ககிட்டச் சொல்லலாமா"ன்னு வாலு என் காதுல கேட்டா. அவன்கிட்ட நான் சொல்லல. இன்னும் அந்த மெசேஜுக்குப் பயந்துக்கிட்டுதான் வெளில உக்காந்திருக்கான். என் போன்ல பதிவு பண்ணா அவன் பாத்துருவான், நீங்க பண்ணுவீங்கன்னு நம்பித்தான் வந்தேன்... நிறுத்தின டிரையர்ல மணி அடிக்காது அண்ணி. துண்டுக்கு அடில இருக்கறது இஸ்திரி மாஸ்டர் போன்தானே? நடுவுல மணி அடிச்சு ஒரு போன் வந்துச்சுல்ல, அதோட பதிவு நின்னுபோயிருக்கும், ஆபீஸ்ல தினமும் பதிவாகற பேச்சோடதானே இருக்கேன் நான். பாஸ்போர்ட் பத்தி நான் சொன்னது ஒண்ணும் அதுல விழுந்திருக்காது. வெளில எடுத்து மேஜை மேல வைங்க. இந்தக் கவர்ல ரெண்டு தாள் இருக்கு, ஒண்ணு அவன் குடுத்தது, இன்னொண்ணு நான் குப்பைல எடுத்தது. பதினோரு கையெழுத்தும் இருக்கு, எண்ணிக்கோங்க. இப்ப பட்டனை அமுக்குங்க. என் பேரு, அவன் பேரு, தேதி எல்லாம் சேத்து முதல்லேந்து சொல்றேன். நாளைக்குக் கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன். அவன் ஹாரன் அடிக்கட்டும், அதுவும் விழட்டும்.